எம்.சி.ஆர். செருப்பு

எங்கள் வீட்டுத் தரையில் ரத்தத் துளிகளை முதலில் பார்த்தது என் மனைவிதான். கூடத்திலிருந்து சமையலறை வரை, பிறகு திண்ணை வரை, அளந்து வைத்தாற்போல் ஒரு அடிக்கு ஒரு சொட்டு. "எங்க போய் எதை மிதிச்சீங்க?" என்று கேட்டாள். நான் எதையும் மிதிக்கவில்லை என்றேன். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். வலது செருப்பின் அடியில் ஒரு டிராயிங் பின் ஏறி, ரப்பரைத் தாண்டி, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் இறங்கியிருந்தது. காலையில் பேங்குக்குப் போய்வந்ததிலிருந்து அதோடுதான் நடந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்குக் கடைசியில் டிராயிங் பின்தான் பாடம் சொல்ல வேண்டியிருந்தது.

சர்க்கரை எனக்குப் பல வருஷமாக உண்டு. மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். கையில் பேனா மாதிரி ஒரு பிடி. அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. "கால்ல தொடும்போது சொல்லுங்க சார்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது. "ஆரம்பிக்கலாமே டாக்டர்" என்றேன். "வலது கால் முடிஞ்சுது சார்" என்றார்.

அந்த நிமிஷத்தில் வயிற்றுக்குள் ஏற்பட்டதை எழுத எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சீட்டில் மருந்துகளை எழுதிவிட்டு, கடைசி வரியில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். "வீட்டுக்குள்ளயும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றார். மருந்துக் கடைப் பையன் சீட்டைப் படித்துவிட்டு, "எம்.ஜி.ஆர். செருப்பா சார்?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த மூன்று எழுத்தும் புதிதல்ல. பல வருஷத்துக்கு முன் ஒரு மனுவில் அதைப் படித்திருக்கிறேன். படித்துச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். அப்பா காலமான பிறகு தாய்மாமன் தருமபுரிக்கு அழைத்துவந்து, தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதவைத்து, சர்வீஸ் கமிஷன் தேர்வுக்கும் அனுப்பிவைத்தார். 1970களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தின் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளன் ஆனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். உதவித்தொகை மனுக்கள் என் மேஜைக்கு வரும்.

ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வராந்தாவுக்குக் கீழே, வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வர மாட்டார், வந்தாலும் விடமாட்டார்கள். விரல்கள் மடங்கி இருந்தன. பெருவியாதி என்று அப்போது சொல்வார்கள். பியூன் மனுவை வாங்காமல் திண்ணையில் வைக்கச் சொல்லி, அடிக்கோலால் தள்ளி என்னிடம் கொண்டுவந்தான். நானும் ஓரத்தைத்தான் பிடித்தேன். மனுவில் உதவித்தொகை கேட்டிருந்தார். கீழே தனியாக ஒரு வரி: வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்துவிட்டது, வேறு ஜோடி கிடைக்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"செருப்பெல்லாம் எங்க சப்ஜெக்ட் இல்ல" என்று சன்னல் வழியாகச் சொன்னேன்.

"செருப்புதான் சாமி முக்கியம். காசு பொறவு கூட வரட்டுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சோற்றுக்கு இல்லாதவர் செருப்பை முக்கியம் என்கிறாரே என்று நினைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை மேலே அனுப்பினேன். உதவித்தொகை கிடைத்தது. அதற்குள் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. ஒருமுறை அவரைச் சந்தைக்கருகில் பார்த்தேன். லாரி டயரில் வெட்டி ஆணி அடித்த செருப்பு போட்டிருந்தார். ஒரு காலில் துணிக்கட்டு. அடுத்த வருஷம் அவருக்குப் போன மணியார்டர் திரும்பி வந்தது. அதையும் பதிவேட்டில் எழுதியது நான்தான்.

சரி, அவர் ஏன் செருப்பை முதலில் வைத்தார்? எனக்குக் கால் மரத்த பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி நம் பக்கத்து மலையில் தொடங்கியது.

டாக்டர் பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தார். அப்போது கொல்லிமலையும் சேலம் ஜில்லா, நம் தருமபுரியும் சேலம் ஜில்லா. (நாம் தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2.) அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் மலைவாசிகளிடையே வேலை செய்யவந்த ஆங்கிலேய மிஷனரிகள். பையன் வெறுங்காலோடு மலையில் ஓடியாடி வளர்ந்தான். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929இல் தகப்பனார் மலைக்காய்ச்சலில் கொல்லிமலையிலேயே இறந்தார். தாயார் மட்டும் மலைகளைக் கைவிடவில்லை. கிழவியான பிறகும் மட்டக்குதிரையில் ஏறி மலைமலையாகச் சுற்றினார். நம் சித்தேரிக்கு அண்டை மலையான கல்வராயன் மலையிலும் இருந்திருக்கிறார். 1974இல், 95 வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். நான் அந்த வரியை அடித்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான்.

மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நீரடிமுத்து எண்ணெய் ஊசி போய், டாப்சோன் மருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. கிருமியைக் கொல்ல வழி பிறந்துவிட்டது. ஆனால் மடங்கிய கையையும் புண்ணான காலையும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மடங்கிய விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் கைகொடுக்கச் சொன்னாராம் பிராண்ட். இரும்புப் பிடியாக இருந்ததாம். இந்தக் கையில் நல்ல தசை இருக்கிறது, இதைச் சரிசெய்ய முடியும் என்று அங்கேயே அவருக்குத் தோன்றியது. கைக்கு அறுவை செய்து விரல்களை நிமிர்த்திய கதை உலகப் பிரசித்தம். அதை விட்டுவிடுகிறேன். கால்தான் என் விஷயம்.

தொழுநோய் வந்தால் சதை அழுகி உதிரும் என்று ஊர் உலகமெல்லாம் நம்பியது. மருத்துவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்டுக்கு அதில் சந்தேகம் வந்தது. அறுவை செய்த இடம் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே இவர்களுக்கும் ஆறுகிறதே, கெட்ட சதை என்றால் எப்படி ஆறும்? பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு ஆற்றும் வழக்கம் 1930களிலேயே இந்தியாவில் டாக்டர் ஜோசப் கானிடம் இருந்திருக்கிறது. வேலூரிலும் அதைச் செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே பாதம் முழுக்க ஒட்டினாற்போல் மாவுக்கட்டு. மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து வெட்டிப் பார்த்தால் வருஷக்கணக்கில் ஆறாத புண் மூடியிருக்கும். கட்டைப் பிரித்துவிட்டு ஊருக்கு நடந்து போனால் மறுபடி புண். அப்படியானால் குற்றம் சதையில் இல்லை; நடப்பதில் இருக்கிறது.

வேலூரில் இன்னொன்றும் நடந்தது. குணமானவர்கள் தங்கியிருந்த குடிசைகளில் இரவில் நல்லபடியாகப் படுப்பவர் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்திருப்பாராம். நோய் தின்றுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு இரவு காத்திருந்து பார்த்தார்கள். எலி. உணர்ச்சியில்லாத விரலை எலி கடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தார்களாம்! படிக்கும்போது சிரித்தேன், பிறகு என் வலது காலைப் பார்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூட பிரெஞ்சு கொஞ்சம் உதவியது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்றும் 'மால் பெர்ஃபொரான்' என்றுதான் சொல்கிறார்கள். துளைக்கும் நோய் என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வைத்த பெயர். நரம்பு கெட்டதால்தான் இந்தப் புண் வருகிறது என்று துய்ப்ளே, மோரா என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1873இல் எழுதினார்கள். நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டதும் அதே 1873தான். கிருமியை உலகம் பிடித்துக்கொண்டது. நரம்பை எண்பது வருஷம் மறந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இனி செருப்புக்கு வருகிறேன். நான் சின்ன வயதில் காரைக்கால் கடற்கரையில் ஈரமணலில் நடந்தவன். மணலில் பாதம் முழுக்கப் பதியும். குதிகால், நடுப்பாதம், ஐந்து விரல் எல்லாம் தெரியும். தருமபுரிக்கு வந்த புதிதில் மாமா வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் ஈரக்காலோடு நடந்தால் குதிகால் ஒரு வட்டம், முன்பாதம் ஒரு பட்டை, அவ்வளவுதான் தெரியும். உடம்பின் பாரம் அதேதான். மணலில் அது பாதம் முழுவதும் பரவுகிறது; பாறையில் இரண்டு இடத்தில் குவிகிறது. காலை எடுத்து வைக்கும் கடைசி நொடியில், குதிகால் தூக்கியபின், முழுப் பாரமும் முன்பாதத்தின் கொஞ்ச இடத்தில்தான் நிற்கும். என் டிராயிங் பின் ஏறிய அதே இடம். பாதப் புண்களில் பெரும்பாலானவை அங்குதான் வருகின்றன.

நல்ல கால் உள்ளவருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு மைல் நடந்ததும் ஒரு இடம் லேசாக எரியும். நமக்குத் தெரியாமலே காலைச் சற்றுத் திருப்பி வைப்போம், நொண்டுவோம், உட்கார்ந்துவிடுவோம். மரத்த கால் நொண்டாது. பத்து மைல் ஆனாலும் அதே இடத்தில் அதே அடி. பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார். எலியின் பாதத்தை மரக்கவைத்து, ஒரு சின்ன இயந்திரத்தால் நாளுக்கு பத்தாயிரம் முறை தட்டினார்கள். பலமான அடி இல்லை, நாம் நடக்கும்போது விழும் அளவுதான். முதல் நாள் ஒன்றுமில்லை. பிறகு வீங்கியது. சில நாளில் புண்ணாகியது. ஓய்வு கொடுத்த பாதம் தப்பித்தது.

ஆகவே காலுக்கும் தரைக்கும் நடுவில் ஈரமணலைக் கொண்டுவர வேண்டும். 1950களில் வேலூரில் இதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மரப்பாதுகை செய்தார்கள், மெழுகில் அச்செடுத்தார்கள், மாவுக்கட்டையே செருப்பாக்கினார்கள், பிளாஸ்டிக்கை முயன்றார்கள். பிளாஸ்டிக் கலக்கும் வித்தையைக் கற்க பிராண்ட் கல்கத்தா வரை போனார். அறுவை மருத்துவர் பாதி நாள் சக்கிலியராகவும் தச்சராகவும் இருந்தார் என்றே சொல்லலாம். கடைசியில் நிலைத்தது மைக்ரோ செல்லுலார் ரப்பர். அதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். ரப்பரை வாயு விடும் ஒரு பொருளோடு கலந்து அச்சில் அழுத்திச் சூடாக்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகின்றன. ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக மூடியது. அதனால் தண்ணீர் குடிக்காது. பஞ்சுமெத்தை போல ஒரேயடியாகத் தட்டையாகியும் போகாது. மிதித்தால் அமுங்கும், எடுத்தால் எழும்பும். நாம் போடும் ஹவாய் செருப்பும் இந்த இனம்தான், ஆனால் கெட்டி. பாதத்துக்கு வேண்டியது ரப்பர்க் கடினத்தை அளக்கும் 'ஷோர்' கணக்கில் 15 டிகிரி.

மிருதுவாக மட்டும் இருந்தால் நம் ஊர் முள்ளுக்குத் தாங்காது. கருவேல முள் வெண்ணெயில் கத்தி போலப் போகும். ஆகவே அடியில் டயர்போல் கெட்டியான இன்னொரு ரப்பர். இரண்டையும் பசையால் ஒட்டித் தைப்பார்கள். ஆணி கூடவே கூடாது. கட்டைவிரலுக்கு வளையம் வைத்த பழைய மாடலும் கூடாது. மரத்த கால் செருப்பைக் கவ்விப் பிடிக்காது, கழன்று விழுந்தாலும் தெரியாது. அதனால்தான் பின்னங்காலில் ஒரு வார். புண் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அடிப்பாகம் வளையாமல், தொட்டில் போல் உருளும்படி ஒரு கட்டை வைப்பதும் உண்டு.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஷீஃபலின் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. செருப்புப் பட்டறை அங்கே வார்டு மாதிரி ஒரு அங்கம். பிற்காலத்தில் அரசாங்கமும் தொழுநோய்த் திட்டத்தில் இந்தச் செருப்பை இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் இலவசத்தோடு ஒரு வினையும் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி செருப்பு. தெருவில் பார்த்தாலே, 'அந்த வியாதிக்காரன்' என்று தெரிந்துவிடும். விரல் நன்றாக இருக்கிறது, முகம் நன்றாக இருக்கிறது, மாத்திரையும் முடிந்துவிட்டது. செருப்பு மட்டும் காட்டிக்கொடுக்கும். பலர் வாங்கிப் பரணில் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தார்கள். காலைக் காப்பாற்றினால் மானம் போகும், மானத்தைக் காப்பாற்றினால் கால் போகும். என் மனுதாரர் அந்தச் செருப்பையே எழுத்தில் கேட்டவர் என்பதை இப்போது நினைக்கிறேன். அவர் எத்தனை தூரம் யோசித்திருக்க வேண்டும்!

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். (எங்கள் பிரெஞ்சு வாத்தியார் லூசியானா என்றாலே பெருமூச்சு விடுவார். பதினான்காம் லூயி பெயர் கொண்ட அந்த நாட்டை நெப்போலியன் 1803இல் விற்றுவிட்டான் அல்லவா?) அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்ததும் பிராண்டுக்கு வேலூர் ஞாபகம் வந்தது. அதே இடம், அதே புண், அதே மரத்த கால். கிருமி செய்ததைச் சர்க்கரை செய்திருக்கிறது. வேலூர் மாவுக்கட்டும் செருப்பும் அங்கே சர்க்கரைக்காரர்களுக்குப் பயன்பட ஆரம்பித்தன. என் காலில் டாக்டர் வைத்த நைலான் இழை இருக்கிறதே, பத்து கிராம் அழுத்தத்தில் வளைவது, அந்த அளவைப் பாதத்துக்குப் போதுமான எல்லை என்று 1980களில் நிறுவியதும் கார்வில்தான். கொல்லிமலையில் தொடங்கி வேலூர், கரிகிரி, கார்வில் என்று உலகம் சுற்றி தருமபுரியில் என் வலது காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிராண்ட் 2003ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலமானார்.

இப்போது கடைகளில் ஜெல் வைத்தது, சிலிக்கான் வைத்தது என்று விதவிதமாக ஷூவுக்குள் போடும் அட்டைகள் விற்கிறார்கள். வண்டிக்கு ஷாக் அப்சார்பர் போல முழங்காலுக்கும் இடுப்புக்கும் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். காலில் உணர்ச்சி உள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கால் சொல்லிவிடும். மரத்த காலுக்கு அது வழியல்ல. அட்டை போட்டதால் ஷூ இறுகி, மேல்பக்கம் புண்ணானாலும் தெரியாது.

எனக்குச் செருப்பு செய்துகொடுத்தவர் வேலூரில் வேலை பழகியவர். காகிதத்தில் என்னை நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். ரப்பர்த் துண்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நசுக்கிக் காட்டி, "பாதி கனத்துக்கு அமுங்கணுங்க, விட்டா உடனே எழும்பணும். எழும்பலைன்னா வந்துடுங்க, மாத்திடலாம்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நசுக்கிப் பார்க்கிறேன். முன்பாதம் படும் இடம்தான் முதலில் செத்துப்போகிறது. வெளியே போகும்முன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. ராத்திரி படுக்கும்முன் மனைவி கண்ணாடியைப் பிடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். ஐம்பது வருஷத்தில் என் முகத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்பாள்.

போன மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். நான் அப்படியே நின்றேன். கறுப்பு ரப்பர், பின்வார், ஒட்டுப் பட்டை. பட்டுவேட்டிக்குக் கீழே அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். தரையில் டைல்ஸ்தானே, ஒரு மணி நேரம்தானே என்று பின்வாரில் கைவைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. கழற்றாமல் உள்ளே போனேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் வயதுக்காரர். குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க அண்ணா, காலுக்கு என்ன?" என்றார். சொன்னேன். சற்று நேரம் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் இரண்டு வருஷமாகப் பாதத்தில் பஞ்சு வைத்தாற்போல் இருப்பதாகவும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். கைகழுவிவிட்டு மண்டபத்துக்குப் பின்புறம் போனோம். என்னிடம் பேனா இருந்தது. காகிதம் இல்லை. அவர் மொய்க் கவரைப் பிரித்து விரித்தார். அதில் அவர் கால் அடங்கவில்லை. இரண்டாவது கவரையும் ஒட்டினாற்போல் வைத்து, உட்கார்ந்து, அவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன்.